அடுத்த தொற்றை முதலில் யார் சொல்வார்கள்?

தண்டையார்பேட்டையில் மாநகராட்சி நடத்தும் தொற்றுநோய் மருத்துவமனையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. வடசென்னையின் பழைய ஆட்களுக்குத் தெரியும். காலரா, தொண்டை அடைப்பான், பெரியம்மை என்று எது வந்தாலும் நோயாளி போய்ச் சேரும் இடம் அது. 1960களில் டாக்டர் ஏ. ஆர். ராவ் அங்கே ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளைப் பார்த்து, கொப்புளம் எழுந்தது முதல் அடங்கியது வரை பொறுமையாகப் பதிவு செய்தார். தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 35 பேர் இறந்தார்கள். போட்டிருந்தவர்களில் 6 பேர். அவர் வகுத்த நோய்ப் பிரிவுகளைத்தான் உலக சுகாதார நிறுவனம் பின்னர் எடுத்துக்கொண்டது.

1963இல் சென்னையில் இன்னொன்றும் நடந்தது. பெரியம்மை நோயாளிகளோடு ஒரே வீட்டில் பழகியவர்களுக்கு மெத்திசாசோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். லிவர்பூல், கொலராடோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் சென்னை மருத்துவர்களும் சேர்ந்து செய்த வேலை. மருந்து பெற்ற 1,101 பேரில் மூன்று பேருக்கு மட்டும் லேசாக நோய் கண்டது. மருந்து பெறாத 1,126 பேரில் 78 பேருக்கு நோய். 12 பேர் இறந்தார்கள். ஒரு வைரஸ் நோயை மருந்து கொடுத்துத் தடுக்க முடியும் என்பதற்கு மனிதர்களிடம் கிடைத்த முதல் பெரிய சான்றுகளில் ஒன்று இது. பிந்தைய சோதனைகளில் இவ்வளவு பலன் தெரியவில்லை, மருந்து கடும் வாந்தியையும் உண்டாக்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆய்வைப் பேசுகிறவர்கள் மருந்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வியப்பளிப்பது அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். நோயாளியின் வீட்டில் இருப்பது யார் யார், பக்கத்து அறையில் யார், கூடப் படுத்த குழந்தை எது என்று குடும்பங்கள் வாய் திறந்து சொன்னதால்தான் அவர்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் லிவர்பூலும் கொலராடோவும் வந்து என்ன பயன்?

அடுத்த பெருந்தொற்றுக்குத் தயாராவது என்று இப்போது பேசப்படுவதெல்லாம் மரபணு வரிசைப்படுத்தும் கருவிகள், நூறு நாளில் தடுப்பூசி, செயற்கை நுண்ணறிவு இவற்றைப் பற்றித்தான். எல்லாம் வேண்டியவையே. ஆனால் இவை அனைத்தும் யாரோ ஒருவர் ‘இங்கே வழக்கமில்லாத காய்ச்சல் ஒன்று இருக்கிறது’ என்று சொன்ன பிறகு வேலை செய்பவை. அந்த முதல் வார்த்தையைச் சொல்பவருக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு ஊரின், ஒரு நாட்டின் ஆயத்தத்தை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. ராயபுரத்துச் சந்துக்கும் ஜெனீவாவில் நடக்கும் பேச்சுவார்த்தைக்கும் இது பொருந்துகிறது.

2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையில் கொரோனா தொற்று மிக அதிகமாகப் பதிவான பகுதி ராயபுரம் மண்டலம். காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர், பொதுக் கழிப்பறை, தெருவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு முன் வரிசை கட்டிய குடங்கள். தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னால் எங்கே போய்த் தனிமைப்படுவது? தொற்று உறுதியான வீட்டின் வாசலில் அந்த நாட்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பல இடங்களில் தகரம் வைத்து அடைக்கப்பட்டது. காசிமேட்டில் ஏலக்கூடத்துக்குப் போகிறவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கும் பெண், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா என்று அந்த வீட்டில் சம்பாதிக்கும் அத்தனை பேரின் கூலியும் இரண்டு வாரத்துக்கு நின்றுபோகும். தெருவே அந்தத் தகரத்தைப் பார்த்து விலகி நடக்கும். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் ‘இனி வர வேண்டாம்’ என்பார்கள். இத்தனையும் தெரிந்த ஒருவர் இருமல் வந்ததும் சோதனைக்குப் போவாரா, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பாரா?

அந்த ஜூலையில் மாநகராட்சியோடு சேர்ந்து தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ரத்தப் பரிசோதனை ஆய்வு ஒன்றை நடத்தியது. நகரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் விகிதம் அதைவிட வெகு அதிகம். அந்த மாத இறுதியில் அரசுக் கணக்கில் சென்னையின் மொத்தத் தொற்று ஒரு லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தில் ஒருவர் என்றால் பல லட்சம். இந்த இடைவெளி முழுவதும் மறைத்ததால் வந்தது என்று சொல்ல முடியாது. பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. ஆனால் அறிகுறி இருந்தவர்களை வாய் மூட வைத்ததில் தகரத்துக்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது.

அதே மாதங்களில் அதே தெருக்களில் இன்னொரு வேலையும் நடந்தது. தெருமுனையில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். வீடு வீடாக வந்து வெப்பம் பார்க்கப் பணியாளர்களை அனுப்பினார்கள். அடைபட்ட வீட்டுக்குக் காய்கறியும் மருந்தும் வாங்கிக் கொடுக்கத் தன்னார்வலர்களை நியமித்தார்கள். நோயாளி அரசைத் தேடிப் போகாமல் அரசு தெருவுக்கு வந்தது. சொல்வதற்கான செலவு குறைந்த இடத்தில் மக்கள் சொன்னார்கள். ஆக, ஒரே நிர்வாகம் ஒரு கையால் வாயைத் திறக்கவும் மறு கையால் மூடவும் செய்துகொண்டிருந்தது. அவசரத்தில் இப்படித்தான் நடக்கும். அடுத்த முறைக்கு எந்தக் கை முந்த வேண்டும் என்பதை அவசரம் இல்லாத இப்போதே முடிவு செய்து வைக்கலாம்.

புதிதாகக் கண்டுபிடிக்கவும் அதிகம் இல்லை. பெரியம்மையை ஒழித்த கடைசிக் காலத்தில் நோயாளி இருப்பதைத் தெரிவிப்பவருக்கு இந்தியாவில் பரிசு கொடுத்தார்கள். ஐம்பது, நூறு என்று ஏறி 1975இல் அது 1,000 ரூபாயானது. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

காசநோயில் சென்னை உலகத்துக்கே பாடம் சொன்னது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கூடி இங்கே ஒரு ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. காசநோய் வந்தால் ஓராண்டு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் போய்ப் படுப்பதுதான் அன்றைய வழக்கம். குடும்பத் தலைவன் ஓராண்டு படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பலர் இருமலை மறைத்தார்கள். இரண்டையும் அந்த மையம் ஒப்பிட்டுப் பார்த்தது. நெரிசலான குடிசையில் இருந்துகொண்டே, போதிய சாப்பாடு இல்லாமலே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் முட்டையும் பாலும் சாப்பிட்டு ஓய்வெடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களிடமிருந்து நோய் குடும்பத்தாருக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு பல நாடுகளில் சானடோரியங்களின் கதவைச் சாத்தியது. நோயைச் சொன்னால் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்ற அச்சத்தை ஓர் ஆய்வே போக்கியது. இன்று காசநோயைப் பதிவு செய்துகொண்டவருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2024 நவம்பருக்கு முன் 500. தொகை போதுமா என்பது வேறு கேள்வி. சொன்னவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது.

நோயாளிக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் இதே கணக்குதான். தொற்றுநோயைக் கண்டால் மருத்துவர் தெரிவித்தாக வேண்டும் என்று 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் மாலையில் நூறு டோக்கன் பார்க்கும் வியாசர்பாடி கிளினிக் டாக்டருக்குப் படிவம் நிரப்ப நேரம் ஏது? நிரப்பினால் மறுநாள் வந்து விசாரிப்பார்களோ என்ற கவலை வேறு. 1980களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் வட ஆற்காடு மாவட்டத்தில் இதற்கு ஓர் எளிய வழி செய்தார். தபால் செலவு முன்பே கட்டிய அஞ்சலட்டை. இன்ன நோய் என்று குறித்துத் தபால் பெட்டியில் போட்டால் போதும். மாதந்தோறும் ஒரு செய்தி மடல் திரும்பி வரும். மாவட்டத்தில் எங்கே என்ன நோய் இருக்கிறது, நீங்கள் அனுப்பிய தகவலை வைத்து என்ன செய்தோம் என்று அதில் இருக்கும். தனியார் மருத்துவர்கள் ஆர்வத்தோடு அட்டை போட்டார்கள். சட்டத்தால் ஐம்பது ஆண்டுகளில் ஆகாதது பதில் வந்ததால் ஆயிற்று.

இன்று அந்த இடத்தில் கணினித் தளம் இருக்கிறது. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2021 முதல் இணையவழியில் அன்றாடம் தகவல் சேர்க்கிறது. தேனாம்பேட்டையில் 2021 செப்டம்பரில் மாநில அரசே மரபணு ஆய்வகம் திறந்தது. இந்தியாவில் ஒரு மாநில அரசு சொந்தமாக அமைத்த முதல் மரபணு ஆய்வகம் என்று அப்போது சொல்லப்பட்டது. கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நிறுவனம் இருக்கிறது. ஆய்வகத்துக்கு நகரில் பஞ்சமில்லை. கொருக்குப்பேட்டையில் காய்ச்சலைக் கண்ட மருத்துவருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு, நகர்ப்புற நலவாழ்வு மையத்துச் செவிலியருக்கு ‘நீங்கள் அனுப்பியது இன்னதாக இருந்தது’ என்று பதில் போகிறதா என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

ஏன் வடசென்னையை இத்தனை கவனிக்க வேண்டும்? புது நோய் நுழையவும் பிறக்கவும் வாய்ப்புள்ள இடங்கள் இங்கே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. 1992 இறுதியில் சென்னையில் வந்த காலராவில் ஆய்வகத்தார் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். காலராக் கிருமியை அடையாளம் காட்டும் வழக்கமான எதிர்ப்புச் சீரம் இதில் வேலை செய்யவில்லை. ஓ139 என்று பின்னால் பெயர் பெற்ற புது வகை அது. சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போயிற்று. பழைய காலராவுக்குப் பெற்ற எதிர்ப்புச் சக்தி இதற்குப் பயன்படவில்லை என்பதால் பெரியவர்களையும் வீழ்த்தியது. ‘சீரம் ஒத்துவரவில்லை, விட்டுத் தள்ளு’ என்று யாரும் விடாதது நல்லதாயிற்று.

அடுத்து துறைமுகம். கப்பல் மஞ்சள் கொடி ஏற்றினால் ‘என் கப்பலில் நோயில்லை, கரைக்கு அனுமதி வேண்டும்’ என்று பொருள். துறைமுகச் சுகாதார அதிகாரி பார்த்து அனுமதித்த பிறகே ஆட்கள் இறங்கலாம். ஒரு நாள் தாமதமும் கப்பல்காரருக்குப் பெரும் நஷ்டம் என்பதால் நோயை மறைக்கும் ஆசை அங்கே என்றைக்கும் உண்டு. 1851இல் பாரிஸில் நாடுகள் கூடி முதல் சர்வதேசச் சுகாதார மாநாடு நடத்தியதற்கே, துறைமுகத் தடைகளால் வாணிபம் கெடுகிறது என்ற புலம்பல் ஒரு முக்கியக் காரணம்.   

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி என்னும் இறைச்சிக் கூடம், தெருவில் கட்டிய மாடுகள், மழைநீர் வடிகாலில் எலிகள், எண்ணூருக்கு வடக்கே வலசை வரும் பறவைகள் என்று விலங்கும் மனிதனும் ஒட்டி வாழும் பகுதியும் இதுதான். புதிதாகத் தோன்றும் தொற்றுகளில் பெரும்பங்கு விலங்குகளிடமிருந்தே வருகிறது. மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எலிக் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸுக்கென்று தனி ஆய்வகமே வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பட்டாளமும் புளியந்தோப்பும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது தேவைப்பட்டது இந்த அறிவுதான். மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் வெவ்வேறு துறை, வெவ்வேறு செயலர், வெவ்வேறு கோப்பு. மாட்டுக்காரரின் நிலைமையும் நோயாளியின் நிலைமைதான். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலப் பால் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, பால் விற்காமல் போகும் என்று அஞ்சிப் பண்ணைக்காரர்கள் பலர் சோதனைக்கு ஒத்துழைக்கத் தயங்கினார்கள். பணக்கார நாடு என்பதால் இந்தத் தயக்கம் மாறிவிடவில்லை.

யாரும் விலை கொடுக்காமல் தகவல் தருவது ஒன்று உண்டு. சாக்கடை. கொரோனா, போலியோ போன்ற கிருமிகள் மலத்தில் வெளியேறுகின்றன. கழிவுநீரேற்று நிலையத்தில் ஒரு போத்தல் எடுத்துச் சோதித்தால் அந்தப் பகுதியில் கிருமி இருக்கிறதா, கூடுகிறதா என்று மருத்துவமனையில் கூட்டம் சேர்வதற்குச் சில நாட்கள் முன்பே தெரிந்துவிடும். யார் வீடு என்று தெரியாது. யார் வாசலிலும் தகரம் அடிக்க முடியாது. இந்த முறைக்கு அதுவே பெரும் பலம் என்று நினைக்கிறேன். மும்பையில் போலியோவுக்காக 2001 முதலே கழிவுநீரைச் சோதித்தார்கள். 2022இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தெரிந்ததும், ஒரு குழந்தைகூட முடங்கும் முன்பே நகரின் சிறுவர்களுக்கு மீண்டும் தடுப்பூசி போட்டார்கள். வடசென்னையின் கழிவுநீர் கொடுங்கையூரில் சேர்கிறது. அதில் ஒரு பகுதியை நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரை சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் அளவுக்கு அங்கே ஏற்பாடுகள் உள்ளன. ஆனால் சாக்கடைக் குழாய் போய்ச் சேராத தெருக்களின் கழிவுநீர் பக்கிங்காம் கால்வாயிலும் ஓட்டேரி நல்லா ஓடையிலும் கலந்து போகிறது. குழாய் இல்லாத வீட்டுக்கு இந்தக் கண்காணிப்பிலும் இடமில்லை.

உலக அரங்கில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஒமைக்ரான் வகையைக் கண்டு உடனே உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே பல நாடுகள் அந்தப் பக்கத்து விமானங்களை நிறுத்தின. சுற்றுலாப் பருவம் நாசமாயிற்று. ஒரு நாட்டு வாசலில் அடித்த தகரம் அது. அதற்கு முன்பே, பறவைக் காய்ச்சல் கிருமியை நாங்கள் கொடுக்க, அதை வைத்துச் செய்த தடுப்பூசியைப் பணக்கார நாடுகள் மட்டும் வாங்கிக்கொள்வதா என்று கேட்டு 2007இல் இந்தோனேசியா மாதிரிகளைத் தர மறுத்தது. அந்தச் சண்டையில் பிறந்த இன்ஃபுளுவென்சா ஒப்பந்தம் 2011இல் வந்தது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் மிகக் கடினமான பகுதியாக ஒத்திவைக்கப்பட்டது கிருமியைத் தருபவருக்குத் தடுப்பூசியில் என்ன பங்கு என்பதே.

தடுப்பூசி செய்யும் திறனில் நமக்குக் குறையில்லை என்று நினைப்பதும் முழு உண்மையல்ல. 2008இல் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தின் உற்பத்தியை நிறுத்தினார்கள், பிறகு மறுபடி தொடங்கினார்கள். செங்கல்பட்டில் நூற்றுக்கணக்கான கோடியில் கட்டிய தடுப்பூசி வளாகம் கொரோனா நாட்களில்கூட ஓடவில்லை. கட்டடம் கட்டுவது நமக்கு எளிதாக வருகிறது.

வடசென்னைக்கு வருவோம். காய்ச்சலைச் சொன்ன வீட்டுக்கு முடிவு தெரியும்வரை நாள் கூலியைக் கொடுத்தால் என்ன செலவாகும்? ஒரு குடும்பத்துக்குச் சில ஆயிரம். அந்த அளவுப் பணத்தை வீடுதோறும் சேர்க்க இந்த மாநிலத்துக்குத் தெரியும். 2020இல் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகவே போயின. தொற்று ஊர் முழுக்கப் பரவிய பின் எல்லோருக்கும் கொடுத்த பணம் அது. அதில் சிறு பங்கை, தொற்று ஒரு சந்துக்குள் இருக்கும்போதே அந்தச் சந்துக்குக் கொடுக்கலாம்.

காசுக்காகக் காய்ச்சல் என்று பொய் சொல்வார்கள் என்பார்கள். சொல்லட்டும், சோதனை எதற்கு இருக்கிறது? பெரியம்மைப் பரிசை அறிவித்தபோதும் சின்னம்மை, சிரங்கு, வேர்க்குரு என்று எதையெதையோ காட்டிப் பரிசு கேட்டார்கள். பணியாளர்கள் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தார்கள். 1977இல் சர்வதேசக் குழு வந்து இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று சான்று கொடுத்தபோது, தேடியும் நோய் இல்லை என்று காட்டிய அந்தத் தவறான தகவல்களின் பதிவேடுகளும் அதற்கு ஆதாரமாக நின்றன.